வசனம் மறந்தவருக்கு எடுத்துக் கொடுப்பது எப்படி, எப்போது?

நிலவரசி

எல்லோருக்கும் வணக்கம். வேலை முடிந்து மாலையில் கூடி நாடகம் போடுகிற குழு எங்களுடையது. யாரும் தொழில்முறை நடிகர்கள் இல்லை. இப்போது எடுத்திருப்பது இரண்டு மணி நேர நாடகம், மூன்று பேருக்கு நீள நீளமான வசனம். அரங்கேற்றம் நெருங்கிவிட்டது, என்னைப் பிராம்ப்டராக உட்காரச் சொல்லியிருக்கிறார்கள்.

"பிரதியைப் பார்த்துக்கொண்டே இரு, யாராவது நின்றால் அடுத்த வரியைச் சொல்" என்றார்கள். ஒத்திகையில் உட்கார்ந்து பார்த்தால் விஷயம் அவ்வளவு லேசாக இல்லை. ஒருவர் பேச்சை நிறுத்துகிறார். அது நடிப்பா, மறதியா? நான் சொல்வது அவர் காதில் விழுகிறதா, முன்வரிசைக்கும் சேர்த்து விழுகிறதா? முதல் சொல்லை மட்டும் தருவதா, முழு வரியையும் தருவதா? போதாக்குறைக்கு, அரங்கேற்றத்தன்று பிராம்ப்டரே வேண்டாம் என்று குழுவிலேயே இரண்டு பேர் சொல்கிறார்கள். செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.

தாடிக்காரர்

நான் இயக்குகிறவன். அந்த இரண்டு பேர் கட்சிதான் நானும். ஒத்திகையில் பிராம்ப்டர் கட்டாயம் வேண்டும். அரங்கேற்றத்துக்கு ஒரு வாரம் முன்பு அந்த நாற்காலியை எடுத்துவிட வேண்டும். பக்கத்தில் ஆள் இருக்கிறார் என்று தெரிந்தால் நடிகரின் காது அந்தப் பக்கமே போய்விடும். எதிரில் நிற்பவர் சொல்வதைக் கேட்க மாட்டார். மறதி வந்த உடனே கண் விங்கை, அதாவது மேடையோரத்துப் பக்கத்திரை மறைவைத் தேடும், அந்தப் பார்வை ஒன்றே போதும், பார்வையாளர்களுக்கு எல்லாம் விளங்கிவிடும்.

ஆள் இல்லை என்று தெரிந்தால் மேடையில் இருப்பவர்களே ஒருவரையொருவர் தாங்கிப் பிடிப்பார்கள். பல நாடுகளின் தொழில்முறை அரங்குகளில் இன்று இதற்கென்று தனி ஆள் இல்லை. பிரதியை வைத்துக்கொண்டு விளக்குக்கும் ஒலிக்கும் குறிப்புக் கொடுக்கும் மேடை நிர்வாகிதான் இருப்பார்.

விங்ஓரம்

தாடிக்காரர் சார் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதியைப் பிறகு பேசுகிறேன். முதலில் நிலவரசி கேட்டதற்குப் பதில். பல வருடங்களாக நான் பக்கத்திரை ஓரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பிராம்ப்டர் பார்க்க வேண்டியது பிரதியை அல்ல, நடிகரை. பிரதியில் விரல் இருக்கட்டும், கண் மேடையில் இருக்கட்டும். அதற்கு நாடகம் உங்களுக்கே கிட்டத்தட்டப் பாடமாகியிருக்க வேண்டும். நடிகர்கள் பிரதியைக் கீழே வைக்கிற நாளிலிருந்து ஒரு ஒத்திகை விடாமல் போய் உட்காருங்கள். கடைசி வாரத்தில் வந்து உட்காருகிற பிராம்ப்டரால் நன்மையை விடக் கெடுதல்தான் அதிகம்.

நடிப்பா மறதியா என்று கேட்டீர்களே, மூச்சைப் பாருங்கள். வேண்டுமென்றே நிறுத்துகிற நடிகருக்கு மூச்சு ஓடிக்கொண்டிருக்கும். பார்வைக்கு ஒரு இலக்கு இருக்கும், உடம்பு அந்தக் காட்சிக்குள்ளேயே இருக்கும். மறந்தவருக்கு மூச்சு சட்டென்று நிற்கும், அல்லது பேசப் போவதுபோல் ஒருமுறை இழுத்துவிட்டு, பேசாமல் மறுபடியும் இழுப்பார். கண் எதிரில் இருப்பவரை விட்டுவிட்டுத் தரைக்கோ நடுவெளிக்கோ போகும். பாதி தூக்கிய கை பாதியிலேயே நிற்கும். சிலர் தாம் சொன்ன கடைசிச் சொல்லையே திரும்பச் சொல்வார்கள். "ஆமாம்... ஆமாம்..." என்று இழுத்தால் அநேகமாக மறதிதான்.

இதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவர் மறந்தால் மேஜையைத் தடவுவார், இன்னொருவர் மறந்த பிறகுதான் இன்னும் நிமிர்ந்து நிற்பார். ஒத்திகையில் இதைக் கவனித்துப் பிரதியின் ஓரத்தில் பெயர் பெயராக எழுதி வையுங்கள். இயக்குநர் வைத்திருக்கும் மௌனங்களை எல்லாம் பென்சிலால் குறியுங்கள். சின்ன மௌனத்துக்கு ஒரு கோடு, பெரிய மௌனத்துக்கு இரண்டு. வெட்டிய வசனத்தைக் கண்ணுக்கே தெரியாதபடி அடித்துவிடுங்கள். வெட்டின வரியைப் போய் எடுத்துக் கொடுத்தால் நடிகர் பாவம், அந்தரத்தில் நிற்பார்.

அப்புறம் குரல். கிசுகிசுக்காதீர்கள். புதிதாக உட்காருகிற எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். கிசுகிசுப்பில் உயிரெழுத்துகளுக்கு வலுவே இருக்காது, "ஸ்... ஷ்..." என்ற சீறல் மட்டும்தான் போய்ச் சேரும், அதுவும் நடிகரைத் தாண்டிப் பார்வையாளர்களிடம். தாழ்ந்த குரலில், உண்மையான குரலில், உணர்ச்சி எதுவும் சேர்க்காமல், ஒரே வீச்சில் சொல்லுங்கள். சோகமான வசனத்தை நீங்களும் சோகமாகச் சொன்னால் அவருக்குக் குழப்பம்தான் வரும்.

ஒருமுறை கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். எடுக்கவில்லை என்றால் இரண்டாவது முறை கூடுதல் சத்தமாக, முழு வாக்கியமாக. முன்வரிசைக்குக் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். அரைகுறையாக மூன்று முறை கேட்பதைவிடத் தெளிவாக ஒருமுறை கேட்பது நல்லது.

மேடைக்கிளி

விங்ஓரம் அண்ணா சொன்ன மௌனக் குறி எவ்வளவு முக்கியம் என்று நடிக்கிற பக்கத்திலிருந்து சொல்கிறேன். ஒரு நாடகத்தில் மகன் இறந்த செய்தி வந்ததும் நான் கையிலிருந்த துணியை மெதுவாக மடித்து வைத்துவிட்டுத்தான் பேச வேண்டும். அந்த மடிப்புதான் காட்சியே. அரங்கேற்றத்தன்று பழைய பிராம்ப்டர் வராததால் பிரதியைக் கையில் கொடுத்து வேறொருவரை உட்கார வைத்திருந்தார்கள். நான் துணியை இரண்டாவது முறை மடிக்கும்போது "எப்போது நடந்தது?" என்று விங்கிலிருந்து என் வசனம் தெளிவாகக் கேட்டது. கூடத்தில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு அந்தக் காட்சியை மறுபடியும் கட்டி எழுப்ப முடியவில்லை.

அவரை நான் குற்றம் சொல்லவில்லை. ஒத்திகையே பார்க்காத ஒருவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது குழுவின் தவறு.

நிலவரசி

மூச்சைப் பார்ப்பது எனக்குத் தோன்றவே இல்லை. நேற்று ஒத்திகையில் முயன்று பார்த்தேன், உண்மைதான், பெரும்பாலும் பிடிபடுகிறது. இன்னொரு சந்தேகம். எங்கள் நாடகத்தில் பாதி வசனம் "அப்பா, நான்..." என்றோ "இல்லை, நீ..." என்றோதான் தொடங்குகிறது. முதல் இரண்டு சொல்லைக் கொடுத்தால் நடிகர் திருதிருவென்று விழிக்கிறார். என்ன செய்வது?

விங்ஓரம்

நல்ல கேள்வி. முதல் சொல்லைக் கொடு என்பது பொதுவான விதி. நம் மொழியில் அதை அப்படியே பிடித்துக்கொண்டால் சிக்கல்தான். விளி முன்னால் வரும், வினைமுற்று கடைசியில் வரும். "அப்பா, நான் அந்த வீட்டுப் பத்திரத்தை அன்றைக்கே கிழித்துவிட்டேன்" என்ற வரிக்கு "அப்பா, நான்" என்று கொடுத்து என்ன பயன்? அது அவருக்கே தெரியும். "வீட்டுப் பத்திரம்" என்று கொடுங்கள். போதும், மீதியை நாக்கு தானாகக் கொண்டுவரும்.

ஒத்திகை நடக்கும்போதே ஒவ்வொரு நீளமான வசனத்திலும் இப்படிப் பிடிகொடுக்கும் சொல் எது என்று பார்த்து அடிக்கோடு போட்டு வையுங்கள். வேறெந்த வரியிலும் இல்லாத சொல்லாக இருக்க வேண்டும். நெருக்கடியில் உங்கள் கண் நேராக அதன்மேல்தான் போய் விழ வேண்டும், வரியின் தொடக்கத்தில் அல்ல.

செய்யுளும் சந்தமும் இருக்கிற நாடகம் என்றால் கதை வேறு. அங்கே அடியின் முதல் சீரைத்தான் கொடுக்க வேண்டும், ஓசை பிடித்துக்கொண்டால் மீதி ஓடிவிடும். நடுச்சொல்லைக் கொடுத்தால் சந்தம் உடையும்.

கதைகட்டி

நாடகம் எழுதுகிறவன் என்ற முறையில் ஒன்று. வெறுமனே மறந்து நிற்பதைவிட ஆபத்தானது, தவறான இடத்துக்குத் தாவுவது. ஒரே மாதிரியான எடுப்பு வரி, அதாவது கேட்டதும் அடுத்தவர் பேசத் தொடங்க வேண்டிய வரி, இரண்டு இடத்தில் இருந்தால் இது நடக்கும். முதல் அங்கத்தில் "அப்படியானால் என்ன செய்யப் போகிறாய்?" என்று அண்ணன் கேட்கிறார். மூன்றாம் அங்கத்திலும் அதே கேள்வி. முதல் அங்கத்தில் தங்கை மூன்றாம் அங்கத்தின் பதிலைச் சொல்லிவிட்டால் நடுவில் உள்ள கதை முழுக்கக் காணாமல் போகும். தலைகீழாக நடந்தால் இன்னும் மோசம், கூடவே நடிப்பவரும் பின்னால் போய்விடுவார், ஏற்கெனவே நடந்த காட்சி மறுபடியும் நடக்கும். எல்லோருக்கும் வெலவெலத்துப் போகும், யாருக்கும் வெளியே வர வழி தெரியாது.

அதனால் என் பிரதியில் இப்படி இரட்டை வரி இருப்பதாக ஒத்திகையில் யாராவது சொன்னால் உடனே ஒன்றை மாற்றிவிடுவேன். இதை எழுத்தாளரிடம் கூசாமல் சொல்லுங்கள். எழுத்தாளர் பக்கத்தில் இல்லை, மாற்ற உரிமை இல்லை என்றால், பிராம்ப்டர் பிரதியில் இரண்டு இடத்தையும் சிவப்பில் வட்டமிட்டு, "இங்கே தாவுவார்கள், இன்னொன்று இந்தப் பக்கத்தில்" என்று ஒன்றுக்கொன்று குறித்து வைக்கலாம்.

எடுப்பு வரியை நம்பித்தான் நாடகம் நிற்கிறது என்பது புதுச் செய்தி இல்லை. ஷேக்ஸ்பியர் காலத்து நடிகர்களுக்கு முழு நாடகத்தையும் கொடுக்க மாட்டார்கள். அவரவர் வசனமும், அதற்கு முன்னால் எதிராளி சொல்லும் கடைசி ஓரிரு சொற்களும்தான் கையில் இருக்கும். எட்வர்ட் அலெய்ன் என்ற நடிகருக்கு அப்படி எழுதிக் கொடுத்த ஒரு பாகம் இன்றும் லண்டனின் டல்விச் கல்லூரியில் இருக்கிறது. அந்த ஓரிரு சொல்லைக் கேட்கத் தவறினால் அவர்களுக்குப் போக்கிடமே கிடையாது. பிரதி வைத்திருந்தவர் எவ்வளவு வேண்டியவராக இருந்திருப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

ஒலிஒளி

தாவல் நடந்தால் எங்களுக்கும் சொல்லுங்கள்! பிராம்ப்டர் நடிகரோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருப்பார், நான் விளக்குப் பலகையில் பழைய பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். தொலைபேசி மணி அடிக்க வேண்டிய இடம் போய்விட்டதா, இன்னும் வரவில்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? இரண்டு பக்கம் தாண்டிவிட்டார்கள் என்றால் "இருபத்தேழுக்குப் போய்விட்டார்கள்" என்று ஒரே ஒரு வாக்கியம், தலையணிக் கருவியிலோ பக்கத்தில் நிற்கும் ஆள் மூலமாகவோ வந்துவிட வேண்டும். தாவியவரைப் பின்னால் இழுக்க முயல வேண்டாம். அவர் எங்கே போனாரோ அங்கே எல்லோரும் போய்விடுவதுதான் ஒழுங்கு.

உட்காரும் இடம்: பின்திரைக்குப் பின்னால் உட்காராதீர்கள், அங்கிருந்து முதுகுதான் தெரியும். பார்வையாளர்களுக்கு மிக அருகில் இருக்கும் முதல் விங்கில், முக்கியமான நீள வசனங்களின்போது நடிகர் எந்தப் பக்கம் திரும்பியிருப்பாரோ அந்தப் பக்கம். காட்சியில் அலமாரியோ தட்டியோ மறைத்தால் முன்கூட்டியே நகர்த்தச் சொல்லுங்கள். இங்கிலாந்து அரங்குகளில் மேடையின் ஒரு பக்கத்துக்கே பிராம்ப்ட் பக்கம் என்றுதான் பெயர். பெரும்பாலும் அது பார்வையாளர்களை நோக்கி நிற்கும் நடிகரின் இடப்பக்கம்.

பாட்டுவாத்தியார்

பேச்சு நாடகக்காரர்களே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், வசனத்தையும் பாட்டாகவே பாடுகிற மேற்கத்திய இசை நாடகமான ஓபராவையும் கொஞ்சம் பாருங்கள். அங்கே பிராம்ப்டருக்கென்றே மேடையின் முன்விளிம்பில், நடுவில், ஒரு சின்னக் குழி உண்டு. பார்வையாளர்கள் பக்கம் ஒரு மூடி மறைத்திருக்கும், பாடகர்கள் பக்கம் திறந்திருக்கும். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஓபராவில் இன்றும் அது இருக்கிறது.

முக்கியமான வித்தியாசம் என்னவென்றால் அங்கே பிராம்ப்டர் மறதிக்காகக் காத்திருப்பதில்லை. பாடகர் ஒரு வரியைத் தொடங்குவதற்குக் கணநேரம் முன்பே அதன் முதல் சொற்களைக் கொடுத்துவிடுவார், கையாலும் எடுப்பைக் காட்டுவார். இசை யாருக்காகவும் நிற்காது, மறந்த பிறகு கொடுத்துப் பயனில்லை. எங்கள் இசை நாடகக் குழுவில் பல்லவி திரும்பத் திரும்ப வருகிற பாட்டில் எந்தச் சரணம் என்று குழப்பம் வரும். அங்கே நான் இதைத்தான் செய்கிறேன், முன்பே உதட்டசைவில் ஒரு சொல். யாரும் தடுமாறியதே இல்லை என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும்.

தாடிக்காரர்

படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஓபரா வேறு கதை, அதை விடுங்கள். பேச்சு நாடகத்தில் என் முக்கியமான கவலை அப்படியே இருக்கிறது: சார்ந்திருக்கும் பழக்கம். பிரிட்டிஷ் நடிகர் மைக்கேல் கேம்பன் பல ஆண்டுகள் மேடையில் கோலோச்சியவர். வயதான பிறகு வசனம் நிற்கவில்லை. காதில் கருவி வைத்து, விங்கிலிருந்து ஒரு பெண் வரிகளைப் படிக்கச் சொல்லிப் பார்த்தார். சரிப்படாது என்று அவருக்கே தெரிந்துவிட்டது. 2015இல் இனி மேடை நாடகம் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். காதில் ஒரு குரல் ஓடிக்கொண்டிருந்தால் எதிரில் இருக்கும் மனிதரைக் கேட்க முடியாது. நான் சொல்வது இதைத்தான்.

விங்ஓரம்

காதுக் கருவி விஷயத்தில் நானும் உங்கள் பக்கம்தான் சார். அது எல்லா வரியையும் ஊட்டுவது, எடுத்துக் கொடுப்பது அல்ல.

ஆனால் பயம் என்ற ஒன்றை நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை. லாரன்ஸ் ஒலிவியரை விடப் பெரிய நடிகர் யார்? 1964 வாக்கில், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, அவருக்கு மேடை பயம் வந்தது. வசனம் போய்விடும் என்ற பயம். சுமார் ஐந்து ஆண்டுகள் அது விடவில்லை. ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ' நாடகத்தில் ஒத்தெல்லோவாகத் தனியே நின்று பேசும் இடங்களில், இயாகோவாக நடித்த ஃபிராங்க் ஃபின்லேயைத் தம் கண்ணில் படும்படி விங்கில் நிற்கச் சொல்லியிருக்கிறார். ஃபின்லே வசனம் கொடுப்பதற்காக நிற்கவில்லை, வெறுமனே நின்றார். அவ்வளவு போதுமாக இருந்தது.

நாற்காலியை எடுத்துவிட்டால் நடிகர் தைரியசாலி ஆகிவிடுவார் என்பதை நான் நம்பவில்லை. பயந்தவருக்கு மறதி இன்னும் சீக்கிரம் வரும். யாரோ இருக்கிறார் என்ற நினைப்பிலேயே கடைசி வரை ஒருமுறைகூட உதவி தேவைப்படாமல் நடித்து முடித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த இரவுகளில் நான் வாயே திறக்கவில்லை, ஆனாலும் என் வேலை நடந்தது. ஜெர்மன் மொழி அரங்குகள் பலவற்றில் இன்றும் சம்பளம் கொடுத்து இதற்கென்று ஆள் வைத்திருக்கிறார்கள் என்றால் காரணம் இல்லாமல் இல்லை.

மனக்கணக்கு

பயத்தைப் பற்றி விங்ஓரம் சொன்னது சரி. மன அழுத்தம் ஏறும்போது சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன், நினைவிலிருந்து எடுப்பதைத் தடுக்கிறது. வசனம் அழிந்து போவதில்லை, உள்ளேதான் இருக்கும், எடுக்கத்தான் முடியாது. அதனால்தான் ஒரே ஒரு சொல் கொடுத்தால் முழுப் பத்தியும் வந்துவிடுகிறது.

இன்னொன்று, ஹெல்கா நாய்ஸ், டோனி நாய்ஸ் என்ற இருவர் நடிகர்களின் நினைவைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்கள். நல்ல நடிகர்கள் சொல்லுக்குச் சொல் உருப்போடுவதில்லை, இந்தப் பாத்திரம் இதை ஏன் சொல்கிறது என்று தோண்டிக்கொண்டே போகிறார்கள், வசனம் தானாகப் பதிகிறது என்று கண்டார்கள். நடந்துகொண்டோ கையால் எதையாவது செய்துகொண்டோ சொல்லும் வசனம் கூடுதலாக நிற்கிறது என்றும் கண்டார்கள். நிலவரசிக்கு இதில் ஒரு பயன் உண்டு: எங்கே மறக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். அசையாமல் உட்கார்ந்து பேசுகிற இடம், மேடையில் நடந்து போகும் வழியைக் கடைசி நேரத்தில் மாற்றிய இடம், பொருள் இடம் மாறிய இடம். மேஜை இழுப்பறையைத் திறந்தால் "கடிதம் எங்கே?" என்ற வரி வருகிறவருக்கு, அன்றைக்கு இழுப்பறை திறக்கவில்லை என்றால் வரியும் வராது.

மேடைக்கிளி

மிகச் சரி! எனக்கு ஒரு நாற்காலி வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் போனதற்கே ஒரு பத்தி போய்விட்டது.

சக நடிகர் காப்பாற்றுவதைப் பற்றி யாரும் விரிவாகப் பேசவில்லை, அதனால் நான் சொல்கிறேன். எதிரில் இருப்பவர் பேந்தப் பேந்த விழிக்கிறார். உடனே நாம் செய்வது, "என்ன யோசிக்கிறாய்?" "ஏன் பேசாமல் நிற்கிறாய்?" என்று கேட்பது. இதைப் போலக் கெடுதல் வேறில்லை. கையில் ஒன்றுமே இல்லாதவரிடம் மேலும் கேட்கிறோம். அதற்குப் பதிலாக, விடை உள்ளே இருக்கிற கேள்வியாகக் கேளுங்கள்: "மாமா ஊருக்குப் போய்விட்டாரா? பணத்தைக் கொடுத்துவிட்டுத்தான் போனாரா?" அவர் "ஆமாம், கொடுத்துவிட்டார்" என்று சொன்னால் போதும், கதைக்கு வேண்டிய செய்தி பார்வையாளர்களுக்குப் போய்விட்டது, அவருக்கும் அடுத்த வரி கண்ணில் தெரியும். ஒவ்வொரு காட்சியிலும் எந்தச் செய்தி விடுபட்டால் கதை புரியாது என்று எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மீதி விடுபட்டால் விடுபடட்டும், பிரதி பார்வையாளர்கள் கையில் இல்லை.

பிராம்ப்டருக்கும் இதில் ஒரு கடமை உண்டு. நாங்கள் இப்படிக் காப்பாற்றிக்கொண்டிருக்கும்போது நடுவில் வசனம் கொடுக்காதீர்கள். மூன்று குரல் மோதும்.

தாடிக்காரர்

மேடைக்கிளி சொன்ன கேள்வி முறையை நாளை ஒத்திகையிலேயே செய்து பார்க்கப் போகிறேன். ஒருவரை வேண்டுமென்றே வசனத்தை விடச் சொல்லிவிட்டு மற்றவர்களை மீட்கச் சொல்வேன்.

நாற்காலி பற்றி: ஆள் இருக்கட்டும், ஆனால் நடிகரின் பார்வையில் படாத இடத்தில் இருக்கட்டும். ஒலிவியர் கதை வேறு மாதிரி சொல்கிறது என்று விங்ஓரம் சண்டைக்கு வருவார். எல்லோரும் ஒலிவியர் அளவுக்குப் பயப்படுவதில்லை, பலர் சோம்பலால்தான் விங்கைப் பார்க்கிறார்கள். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

விங்ஓரம்

சண்டை இல்லை சார். நடிகரிடமே கேட்டுவிடுங்கள் என்பேன். சிலருக்கு என்னைப் பார்த்தால் தெம்பு, சிலருக்குப் பார்த்தால் எரிச்சல். இரண்டு தரப்புக்கும் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறேன்.

நிலவரசிக்கு இன்னொன்று. நாடகம் முடிந்த உடனே போய் "நீங்கள் அங்கே விட்டுவிட்டீர்கள்" என்று யாரிடமும் சொல்லாதீர்கள். வேஷம் கலைத்துக்கொண்டிருக்கும்போது அது காதில் ஈயம் ஊற்றுவது போல. மறுநாள் தனியாக, அடுத்த காட்சிக்கு முன்பு, பிரதியை வைத்துக்கொண்டு அந்த இடத்தை மட்டும் ஒருமுறை சேர்ந்து சொல்லிப் பாருங்கள்.

நிலவரசி

எல்லோருக்கும் மிக்க நன்றி. எங்கள் குழுவில் பேசி முடிவு செய்துவிட்டோம், அரங்கேற்றத்தன்று நான் முதல் விங்கில் உட்காருகிறேன். பிரதியில் மௌனக் கோடு போட்டாயிற்று, பிடிச்சொற்களுக்கு அடிக்கோடும் போட்டுக்கொண்டிருக்கிறேன். கதைகட்டி சொன்ன இரட்டை வரி ஒன்று உண்மையிலேயே இருந்தது, இரண்டாம் காட்சியிலும் ஐந்தாம் காட்சியிலும் "இதை அம்மாவிடம் யார் சொல்வது?" எழுதியவரே ஒன்றை மாற்றிக் கொடுத்துவிட்டார். கடைசியாக ஒன்று: பிரதியைப் படிக்க என்ன விளக்கு? கைபேசி வெளிச்சம் போதுமா?

ஒலிஒளி

கைபேசி வேண்டவே வேண்டாம். வெளிச்சம் முகத்தில் அடித்துப் பக்க வரிசைக்குத் தெரியும், மேடையின் இருட்டுக்கும் உங்கள் கண் பழகாது. கழுத்து வளையும் சின்ன விளக்கு ஒன்றை எடுத்து, அதன்மேல் நீல நிற வடிதாளை (ஒளிக்கு நிறம் கொடுக்கும் மெல்லிய தாள்) இரண்டு மடிப்பாக ஒட்டி, பிரதியின்மேல் மட்டும் விழும்படி தாழ்த்தி வையுங்கள். நீல ஒளியில் சிவப்புக் குறி கருப்பாகத் தெரியும், அதனால் முக்கியமான குறிகளை நிறத்தால் மட்டும் வேறுபடுத்தாமல் தடித்த கோட்டாலும் போடுங்கள். எழுத்துப் பெரிதாக, தாளின் ஒரு பக்கம் மட்டும் அச்சிடுங்கள். ஒத்திகையில் ஒருமுறை முழு இருட்டில் அந்த விளக்கோடு உட்கார்ந்து பார்த்துவிடுங்கள், யாரையாவது கடைசி வரிசைக்கும் ஓரத்து இருக்கைகளுக்கும் அனுப்பி வெளிச்சம் கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.